எஞ்சின் அணையக் கூடாது

குளிர்காலத்தில் டெஜித்தின் கூடாரமும் எங்கள் கூடாரமும் ஆற்றின் இதே கரையில்தான் இருக்கும், அவளுடையது எங்களைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில். நான் ஷக்தாருக்கு வாழ்க்கைப்பட்டு இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்த வருஷத்திலிருந்தே அவளை எனக்குத் தெரியும். பட்டியில் நுழைந்த ஓநாயைக் கம்பெடுத்து விரட்டியவள். முரட்டு ஒட்டகத்தின் மூக்குக் கயிற்றை ஒற்றைக் கையால் பிடித்து மண்டியிட வைப்பாள். அப்படிப்பட்டவளுக்கு மோட்டார் சைக்கிளைக் கண்டால் முகம் வெளுத்துவிடும்.

காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் அவள் புருஷன் யோண்டன் அவளைப் பின்னால் உட்கார வைத்து உறைந்த ஆற்றைக் கடந்தபோது வண்டி வழுக்கி இருவரும் விழுந்தார்கள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் பனிக்கட்டியின் மேல் காதை வைத்தபடி கிடந்தவளுக்குக் கீழே ஆறு உறுமுகிற சத்தமும், பனிக்கட்டி கரை வரை விரிசல் விடுகிற சத்தமும் கேட்டன. அந்தச் சத்தம் அவளை விட்டுப் போகவே இல்லை. அதன்பிறகு வண்டியில் ஏறினால் கண்ணை இறுக மூடிக்கொண்டு யோண்டனின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். "டெஜித் அக்கா இந்த உவ்ஸ் மாகாணத்தையே பார்த்ததில்ல, அண்ணன் முதுகை மட்டும்தான் பார்த்திருக்கு" என்று நாங்கள் எல்லோரும் கேலி செய்வோம். அவளும் சிரிப்பாள். ஏறும்போது மட்டும் சிரிக்க மாட்டாள்.

அந்த வருஷம் புத்தாண்டுக்குப் பிறகு பெரிய பனிப்புயல் அடித்தது. புயல் ஓய்ந்த காலையில் அவர்களுடைய ஒட்டகங்களைக் காணவில்லை. அதில் ஒன்று நிறைசூலி. குதிரைகள் எலும்பும் தோலுமாக நின்றதால் யோண்டன் மோட்டார் சைக்கிளை எடுத்தான். இரவெல்லாம் கூடாரத்துக்குள் கதகதப்பாக இருந்த பேட்டரியைக் கொண்டுபோய் மாட்டினான். எஞ்சினுக்கு அடியில் கனல் தட்டை வைத்துக் காத்திருந்தான், உதைத்தான். புகை கக்கிக்கொண்டு வண்டி உயிர் பெற்றது.

"ஏறு கிழவி. ஒட்டகத்தை மறிக்க ரெண்டு பேர் வேணும்."

"குதிரையில வர்றேன்."

"குதிரை உன்னைத் தூக்குமா, நீ குதிரையைத் தூக்குவியா?"

அவள் ஏறினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆற்றைக் கடந்து, எங்கள் கூடாரத்துக்கு வெகுதூரம் மேற்கே, மலைகளுக்கு நடுவே போயிருக்கிறார்கள். நண்பகல் தாண்டியிருந்தது. ஒரு சரிவில், மேல்பனிக்குக் கீழே காற்று வழித்துப் பளபளப்பாக்கிய பனிக்கட்டி இருந்திருக்கிறது. முன்சக்கரம் ஒரு பக்கம் போக, வண்டி மறுபக்கம் போனது. டெஜித் தூக்கி எறியப்பட்டுப் பனியில் புரண்டாள். எழுந்து பார்த்தபோது எஞ்சின் நின்றுபோயிருந்தது. யோண்டனின் வலது கால் வண்டிக்கு அடியில் இருந்தது. அவன் கத்தவில்லை. அதுதான் அவளை முதலில் பயமுறுத்தியது.

வண்டியை நெம்பித் தூக்கி அவனை இழுத்து வெளியே எடுத்தாள். முழங்காலுக்குக் கீழே கால் இருக்க வேண்டிய பக்கம் இல்லாமல் வேறு பக்கம் திரும்பியிருந்தது. சீட்டின் மேல் விரித்திருந்த கம்பளியை மடித்துக் காலைச் சுற்றி, அவனுடைய இடுப்புத்துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். அவன் உதட்டைக் கடித்த இடத்தில் ரத்தம் வந்து உடனே உறைந்தது.

"நான் மேட்டுக்குப் போய் யாராவது இருக்காங்களான்னு பாக்கறேன்" என்றாள்.

மேட்டின் உச்சியிலிருந்து எங்கும் வெள்ளை. ஒரு புகை இல்லை, ஒரு புள்ளி அசையவில்லை. கைபேசியில் சிக்னல் கோடே வரவில்லை. அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று யாருக்கும் சொல்லவும் இல்லை. சூரியன் ஏற்கெனவே மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. அது மறைந்ததும் வருகிற குளிரை அவளுக்குத் தெரியும். அப்படி ஒரு குளிரில் உறைந்து கிடந்த மேய்ப்பர் ஒருவரை, மூன்று குளிர்காலத்துக்கு முன், பொட்டலத்தைப் போலக் கட்டித் தூக்கிவந்ததைப் பார்த்திருக்கிறாள். சரிவில் விழுந்தும் எழுந்தும் ஓடி வந்தாள்.

"நடந்து போய் ஆள் கூட்டிட்டு வரவா?"

"நீ திரும்பி வர்றப்ப நான் கட்டையா இருப்பேன்" என்றான் யோண்டன். "வண்டியை எடு."

"என்னால முடியாது."

"தெரியும். எடு."

எஞ்சின் அதற்குள் கல்லாகக் குளிர்ந்துவிட்டது. அவன் சொன்னபடி நியூட்ரலில் போட்டு, கிக்கர் மேல் ஏறி நின்றாள். அது இறங்கவே இல்லை. உள்ளே எண்ணெய் கொழுப்பாகக் கட்டியிருந்தது. முழு எடையும் போட்டுக் குதித்தாள். ஓர் அங்குலம் இறங்கிவிட்டு நின்றது.

"உன்னைக் குதிரை தாங்காதுன்னு சொன்னேன், இந்தக் கிக்கர் என்னடான்னா அசையவே மாட்டேங்குது" என்றான். பல் கிட்டித்துப்போய் வார்த்தைகள் துண்டு துண்டாக வந்தன.

காற்று பனியைத் துடைத்திருந்த ஓரிடத்தில் கோடையில் மேய்ந்த குதிரைகளின் காய்ந்த சாணம் ஒட்டிக் கிடந்தது. பூட்ஸால் உதைத்துப் பெயர்த்து மேலங்கி மடியில் அள்ளி வந்தாள். தீப்பெட்டி இருந்தது, குச்சிகள் காற்றில் அணைந்தன. பெட்ரோல் குழாயைப் பிடுங்கிக் கந்தலை நனைக்கச் சொன்னான்.

"டாங்க் வெடிச்சா?"

"குழாய்த் திருகை மூடு. கந்தலைத் தள்ளி எடுத்துட்டுப் போய்க் கொளுத்து. வெடிச்சா ரெண்டு பேருக்கும் குளிராது."

காற்றில் பெட்ரோல் பாதி அவள் இடது கையுறையிலேயே வழிந்தது. அந்தக் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் தீக்குச்சியை உரசினாள். சாணம் பிடித்துக்கொண்டது. கனல் ஆனதும் டூல்பாக்ஸின் தகர மூடியில் அள்ளி எஞ்சினுக்கு அடியில் தள்ளினாள். பிளக்கைக் கழற்றிக் கங்கின் பக்கத்தில் காய வைத்தாள். யோண்டனையும் அந்தச் சூட்டுப் பக்கம் இழுத்துப் போட்டாள். அவன் கன்னத்தில் வெள்ளைத் திட்டு விழுந்திருந்தது. வெறும் கையால் தேய்த்தாள். கன்னம் மரத்துக் கிடந்தது. எண்ணெய் இளகக் காத்திருந்த நேரம்தான் எல்லாவற்றையும்விடக் கொடுமை என்று பின்னால் சொன்னாள். "கங்கு கறுத்துக்கிட்டே வருது, சூரியன் இறங்கிக்கிட்டே வருது. எதைப் பாக்கறதுன்னே தெரியல."

பிளக்கைப் பூட்டி, குழாயைச் செருகி, திருகைத் திறந்து, சோக்கை இழுத்து உதைத்தாள். இந்த முறை கிக்கர் இறங்கியது. உதைத்தாள், உதைத்தாள். ஒரு இருமல். பிறகு ஒன்றுமில்லை. அழுதுகொண்டே மறுபடி உதைத்தாள். திடீரென்று எஞ்சின் அலறிக்கொண்டு பற்றியது. அவள் பயந்து பின்னால் குதித்துவிட்டாள்.

"ஆக்ஸிலேட்டரைப் பிடி!" என்று அவன் கத்தினான். "அணைஞ்சா அவ்வளவுதான். மறுபடி எடுக்கக் கங்கு இல்ல. அணையக் கூடாது, கேட்டியா?"

அதற்குப் பிறகு அவள் தலைக்குள் அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. அணையக் கூடாது.

அவனை எப்படித் தூக்கி உட்கார வைத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. தன் இடுப்புத்துணியால் அவனைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டினாள். கிளட்ச்சைப் பிடி, கியரை முன்னால் மிதி, மெல்ல விடு என்று அவன் அவள் காதில் சொல்லிக்கொடுத்தான். வண்டி துள்ளியது, தள்ளாடியது, போனது. கண்ணை மூட முடியாது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த நிலம் தன்மேல் பாய்ந்து வருவதைக் கண் திறந்து பார்த்தாள். இடது கைப்பிடியில் மாட்டியிருந்த ஆட்டுத்தோல் உறை விழுந்தபோதே கிழிந்து போயிருந்தது, கையுறையும் இல்லை. மேலங்கியின் சட்டைக்கையை இழுத்து விரல்களை மூடினாள். காற்று அதற்குள்ளும் புகுந்து கத்தியாக அறுத்தது.

"பேசிக்கிட்டே வா கிழவா."

"என்ன பேசறது?"

"என்னைத் திட்டு."

"இது மோட்டார் சைக்கிளா, செம்மறி ஆடா? ஏன் இப்படி நொண்டுது?"

கொஞ்ச தூரம் திட்டினான். பிறகு வார்த்தைகள் குறைந்தன. பிறகு நின்றுவிட்டன. அவன் தலை அவள் தோளில் பாரமாக விழுந்தது. கூப்பிட்டாள், முழங்கையால் இடித்தாள். பதில் இல்லை. அவன் உயிரோடு இருக்கிறானா என்று பார்க்க வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் எஞ்சின் அணையலாம். பிணத்தைக் கட்டிக்கொண்டு போகிறோமோ என்ற நினைப்போடு, திரும்பிப் பார்க்காமல் ஓட்டினாள்.

ஆறு வந்தது. காலையில் கடந்த இடத்தில் பனிக்கட்டிக்கு மேலே வெள்ளை ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து தண்ணீர் பொங்கி மேலே பரவியிருக்கிறது என்று அர்த்தம். அதில் பூட்ஸ் நனைந்தால் கால் போய்விடும், சக்கரம் இறங்கினால் ஆளே போய்விடும். கால்களை ஊன்றி, கிளட்ச்சைப் பிடித்தபடி, உறுமும் எஞ்சினோடு கரையில் நின்றாள். கரை வரை ஓடிய அந்தப் பழைய விரிசல் சத்தம் காதுக்குள் மறுபடி கேட்டது. வண்டியிலிருந்தபடியே வாந்தி எடுத்தாள். எங்கள் கூடாரத்துப் புகை எதிர்க்கரையில் தெரிந்ததாம். கூப்பிட்டால் கேட்காத தூரம்.

கரையோரமாகவே மேல்நோக்கி ஓட்டினாள். ஒரு வளைவில் குதிரைக் கூட்டம் கடந்துபோன குளம்படிகள் பனிக்கட்டிமேல் காய்ந்து கிடந்தன, ஆவி இல்லை. அங்கே இறங்கினாள். நடு ஆற்றில் பின்சக்கரம் வழுக்கியது. ஓ என்று அலறிக்கொண்டே, அலறலை நிறுத்தாமலே, இந்தக் கரை ஏறினாள்.

அந்தி மங்கும் நேரத்தில் எங்கள் நாய்கள் வெறிபிடித்துக் குரைத்தன. நான் வெளியே வந்தேன். ஒரு மோட்டார் சைக்கிள் எங்கள் கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. நாய்கள் பின்னால் ஓடின. யாரோ குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அப்புறம் குரல் கேட்டது.

"ஷக்தார் அண்ணே! பிடிங்க! என்னால நிறுத்த முடியல! கை மடங்கல!"

கிளட்ச்சைப் பிடிக்க அவள் இடது விரல்கள் வளையவில்லை. அப்படியே நிறுத்தினால் வண்டி அவன் காலின் மேல் சாயும். ஷக்தார் ஓடிப்போய் கைப்பிடியைப் பற்றினார், நான் யோண்டனின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். மூன்று பேருமாக இழுபட்டுக்கொண்டே கொஞ்ச தூரம் போனோம். ஷக்தார் சாவியைத் திருப்பினார்.

"அணைக்காதீங்க!" என்று கத்தினாள் டெஜித். "அணையக் கூடாது!"

"வீட்டுக்கு வந்துட்டம்மா" என்றார் ஷக்தார். "வந்துட்ட."

முடிச்சு உறைந்திருந்தது. கத்தியால் அறுத்துப் பிரித்தோம். யோண்டனின் மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது, ரொம்ப மெல்லியதாக. "இருக்காரு" என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. உப்புத் தேநீரை அவன் தொண்டையில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, அவன் இருமி, "நீ ஓட்டறதுக்கு ஒட்டகமே மேல்" என்று முனகிய பிறகுதான் தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் ஜீப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அவனுக்குக் கால்விரல் இரண்டு போனது, கால் கூடியது, ஆனால் மடங்கவில்லை. அவளுக்கு இடது சுண்டுவிரலின் நுனி போனது. ஒட்டகங்கள் யாரும் தேடாமலே ஒரு காலையில் பட்டி வாசலில் வந்து நின்றன.

யோண்டனால் இப்போது கிக்கரை உதைக்க முடியாது. அதனால் டெஜித்தான் ஓட்டுகிறாள், அவன் பின்னால் உட்கார்ந்து வருகிறான். போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, "இப்ப பயம் போயிடுச்சா அக்கா?" என்று கேட்டேன்.

"எங்க போச்சு?" என்றாள். "கிக்கர்ல கால் வைக்கிறப்பவே அந்த விரிசல் சத்தம் கேக்குது. ஆத்துக்கிட்ட வந்தா இவரை இறங்கி நொண்டிக்கிட்டே முன்னால நடக்கச் சொல்லிடுவேன்."

"பனிக்கட்டி உடைஞ்சா நான்தான் முதல்ல போகணும்னு பாக்கறா" என்றான் யோண்டன், தேநீர்க் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே.

அவள் அதற்குச் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போய், எஞ்சினின் மேல் போர்த்தியிருந்த கம்பளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கிளம்பலாம், சூடு ஆறுது" என்று கூப்பிட்டாள்.