சுவருக்கு எட்டு மீட்டர்

"பாட்டிலைக் கொடுங்கம்மா. பைக்குள்ள வெச்சா எனக்குத் தெரியாதா? உள்ள இருக்கறது பூரா சுடாத மண்கல்லு. ஒரு மடக்கு சிந்தினாக்கூட அதுக்கு வயித்தைக் கலக்கிடும்."

ஹமதான் நகரத்து ஹெக்மதானே குன்றின் அகழாய்வுக் கொட்டகை வாசலில் ஒரு மர மேசை. அதன்மேல் பறிமுதல் செய்த தண்ணீர் பாட்டில்கள் உயர வரிசையில் நிற்கும். சண்டை போடாமல் கொடுத்தவர்களுக்குத் திரும்பி வரும்போது தேநீரும் ஒரு சர்க்கரைக் கட்டியும் உண்டு. சண்டை போட்டவர்களுக்கு இரண்டு கட்டி. "அவங்களுக்குத்தான் தொண்டை காஞ்சிருக்கும்" என்பார் காவலர் நோஸ்ரத். வயது அறுபத்து மூன்று. இருபத்திரண்டு வருடமாக இந்த மேசை. என் அப்பா.

கொட்டகைக்குள் பழைய ஹமதான். ஒரே அளவு வீடுகள், மூன்றரை மீட்டர் அகலத்தில் நேர்கோட்டுத் தெருக்கள். நான் நில அளவையாளர். கருவி வைத்துப் பார்த்திருக்கிறேன், கோடு பெரிதாகப் பிசகவில்லை. கட்டியவர்கள் பழங்காலத்து மீதியரா, அவர்களுக்குப் பின்வந்த பார்த்தியரா என்று அறிஞர்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. அப்பாவுக்கு அவர்கள் வெறும் குடித்தனக்காரர்கள். மூன்றாம் தெரு முனை வீட்டுக்காரன் அடுப்பைப் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிப் போட்டுவிட்டான் என்பதில் அவருக்குப் பல வருடக் கோபம்.

"புகை பூரா அந்தப் பக்கம். அந்த வீட்டுக்காரி சும்மா விட்டிருப்பாளா? பாரு, சுவத்துல ரெண்டாம் பூச்சு இருக்கு. சொல்லிச் சொல்லிப் பூச வெச்சிருக்கா."

மழை இருட்டினால் சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கிளம்பிவிடுவார். கூரைத் தகடுகள் ஒவ்வொன்றின் கீழும் நின்று அண்ணாந்து பார்ப்பார். "மழை வந்தா எனக்குப் புருஷன் கிடையாது" என்று அம்மா எல்லோரிடமும் சொல்லுவாள்.

அம்மாவின் பெயர் அக்தஸ். இதய வால்வு அறுவைக்காக அவளை நான்தான் தெஹ்ரானுக்குக் காரில் அழைத்துப்போனேன். அன்று அப்பாவுக்குக் காலைப் பணி. ஊருக்குக் கிளம்புகிறவர் பின்னால் ஒரு கிண்ணம் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம், போனவர் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று. வீட்டில் ஊற்ற ஆளில்லாததால் அம்மா தன் நீலக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். காரைக் கொட்டகைக்கு அருகே நிறுத்தினேன். அப்பா கிண்ணத்தை நிரப்பினார். தரையைப் பார்த்தார். கொட்டகைக்குள் தெரிந்த மண்சுவரைப் பார்த்தார். கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டார்.

"இங்க ஊத்தினா அந்தப் பக்கம்தான் ஓடும், அக்தஸ். சாயங்காலம் நம்ம வாசல்ல ஊத்திடறேன்."

அம்மா சிரித்தாள். "சரி, விடுங்க. உங்க குடித்தனக்காரங்களுக்குச் சளி பிடிச்சா யாரு கஷாயம் வெக்கறது?"

மாலையில் வேறு பாத்திரத்தால் வாசலில் ஊற்றினாராம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். மூன்றாம் நாள் அறுவை நடந்தது. ஐந்தாம் நாள் அம்மாவை வேறு வண்டியில் கொண்டுவந்தோம்.

பிறகு ஒருநாள் அவருக்குத் தெரியாமல் அந்த இடத்தை அளந்தேன். கார் நின்ற இடத்திலிருந்து சுவருக்கு எட்டு மீட்டர். சரிவு நூற்றுக்கு இரண்டு, அகழாய்வுக் குழியை நோக்கி. அவர் சொன்னது சரிதான்.

கிண்ணத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. மேசையில் பாட்டில்களுக்குப் பின்னால் கவிழ்த்தபடியே இருந்தது. யாரையும் வழியனுப்புவதும் நின்றுபோனது. நாற்பதாம் நாள் உறவினர்கள் அவருடைய துக்கக் கறுப்புச் சட்டையைக் கழற்றிச் சாம்பல் நிறச் சட்டை போட்டுவிட்டார்கள். அவர்கள் கிளம்பும் நேரத்தில் அவரைக் காணவில்லை. கொட்டகைக்குப் பின்னால் தகடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக எண்ணிக்கை மாறாத தகடுகள்.

மறுநாள் கிளம்புவது என் முறை. காரை அதே இடத்தில்தான் நிறுத்த வேண்டியிருந்தது, வேறு இடமில்லை.

"என்கூட தெஹ்ரான் வந்துடுங்கப்பா."

"அங்க என்ன இருக்கு?"

"நான் இருக்கேன்."

"நீ காலைல போனா ராத்திரி வருவ. அதுவரைக்கும் நான் யார்கிட்ட பாட்டிலைப் பிடுங்கறது?" தேநீரை ஊதினார். "டயர்ல காத்து பாத்தியா?"

"பாத்தாச்சு."

"சாவே ஊரைத் தாண்டினா லாரி நிறைய வரும். ஒதுங்கியே போ." சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தார். பின்பக்கம்தான் போகிறார் என்று நினைத்தேன். தகடுகளை எண்ணட்டும் என்று வண்டியை எடுத்தேன்.

பக்கத்துக் கண்ணாடியில் அவர் மறுபடி தெரிந்தார். பிரேக்கை மிதித்தேன். கையில் நீலக் கிண்ணம், ததும்பத் ததும்ப. கார் நின்றிருந்த இடத்துக்கு வந்தார். கிண்ணத்தை ஒரு கையில் ஆடாமல் பிடித்துக்கொண்டு, பூட்ஸ் விளிம்பால் மண்ணை இழுத்து, குழிப் பக்கமாக ஒரு சாண் உயரத்துக்கு வளைவாக வரப்புக் கட்டினார். குதிகாலால் மிதித்து இறுக்கினார். ஒரு இடத்தில் திருப்தியில்லை போல, மறுபடி மிதித்தார்.

பிறகு கிண்ணத்தைச் சாய்த்தார்.