சூட்டில் நிற்கும் வண்டி

என் மனைவி இறந்த நாளில் எங்கள் கார் பத்தமடைக்குச் சற்று முன்பாக, வாய்க்காலை ஒட்டிய சாலையில் நின்றுபோனது. களக்காட்டில் ஒரு கல்யாண வீட்டில் அவளுக்கு நெஞ்சை அடைத்தது. விருந்துக்கு வந்திருந்த மருத்துவர் ஒருவர் நாக்கின் அடியில் மாத்திரை ஒன்றை வைத்துவிட்டு, எதற்கும் காத்திராமல் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகச் சொன்னார். சேரன்மகாதேவி தாண்டும்வரை வண்டி நன்றாகவே ஓடியது. பிறகு இன்ஜின் அணைந்தது. சாவியைத் திருப்பினால் சுழன்றது, பற்றவில்லை. நெடுநேரம் கழித்து வந்த வேன் ஒன்றில் எங்களை ஏற்றிக்கொண்டார்கள். மருத்துவமனை வாசலை அடைந்தபோது அவளுக்கு உயிர் இல்லை.

அன்று மாலை வண்டியை எடுத்துவரப் போன அவள் தம்பி, சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் அது கிளம்பிவிட்டது என்றான்.

"வண்டியில ஒண்ணுமில்ல அத்தான். பதட்டத்துல உங்களுக்குக் கை ஓடல."

குற்றம் சாட்டும் குரலில் அவன் அதைச் சொல்லவில்லை. எனினும் அது என்னோடு தங்கிவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் வேறொரு வாக்கியத்தைச் சொன்னார்கள்: அந்த இடத்தில் யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது. நான் அதைப் பற்றிக்கொண்டேன். அது உண்மையாயின் வண்டியில் கோளாறு இருந்திருக்க வேண்டும். சாலையோரத்தில் தீர்க்கவியலாத கோளாறாகவும் இருந்திருக்க வேண்டும். பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆறுதலையும் நிரூபித்துக்கொள்ள விரும்பினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வண்டியை வெளியே எடுக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சும்மா நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்கிவிடும் என்று மைத்துனன் அதன் வயரைக் கழற்றி வைத்தான். துக்க வீடுகளில் வழக்கமாகச் செய்வதுதான். அதன் விளைவு தச்சநல்லூர்ப் பட்டறையில்தான் தெரிந்தது. மெக்கானிக் தன் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். திரையில் எந்தக் கோளாறும் இல்லை.

"பேட்டரி வயரக் கழத்துனீங்களோ சார்?"

"கழற்றினோம்."

"அதான பாத்தேன். என்ன கோளாறுன்னு வண்டி எழுதி வச்சிருந்ததெல்லாம் அழிஞ்சு போச்சு. சாவு வீட்டு வண்டின்னா எல்லாரும் இதத்தான் செய்யுதாங்க."

இறப்பு நேர்ந்த வீடு என்பது அவருக்குத் தெரியும். அது இந்த வண்டி வழியில் நின்ற அன்றுதான் என்பது தெரியாது, நான் சொல்லவில்லை. பெட்ரோல் பம்பு, பிளக்கு, வயர்கள் என்று காலைதோறும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். குளிர்ந்த வண்டி ஒவ்வொரு முறையும் முதல் திருப்பிலேயே கிளம்பியது. தன் டெம்போவைச் சரிசெய்ய விட்டுவிட்டு அங்கே காத்திருந்த வியாபாரி ஒருவருக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"வண்டிக்கு ஒரு நோவும் இல்ல வே. உமக்குத்தான் வைத்தியம் தெரியல."

"அண்ணாச்சி, பல்வலிக்காரனுக்கு டாக்டர் வீட்டு வாசல்ல ஏறுனதும் வலி நின்னு போகும்லா? அந்த நடிப்பு நடிக்கி இது. நீங்க மொதல்ல உங்க டெம்போவத் தள்ளிட்டுப் போங்க, பாப்போம்."

இருவரும் சிரித்தார்கள். மரியாதைக்காக நானும் சிரித்தேன்.

பிறகு அவர் கேட்டார்: "எங்கன நின்னுச்சு சார்? எந்நேரம்?"

சொன்னேன்.

"அப்ப அதே ரோட்டுல, அதே வெயில்ல ஓட்டிப் பாக்கணும். நிக்கணும் சார். நின்னாத்தான் பிடிக்க முடியும்."

களக்காடு வரை போய்த் திரும்பினோம். அவர் ஓட்டினார்; நான் அவருக்கு இடப்பக்கம் அமர்ந்தேன். எங்கள் காரில் அந்த இருக்கையில் அதுவரை நான் உட்கார்ந்ததில்லை. இந்தப் பக்கத்துக் கண்ணாடி வழியே வயல்கள் மிக அருகில் தெரிந்தன. அவள் கடைசியாகப் பார்த்தவை இவையே என்பதை நினைக்காமலிருக்க முயன்றேன். சேரன்மகாதேவியைக் கடந்தபின், வண்டி நிற்க வேண்டுமே என்று மனதுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தேன். சில வாரங்களுக்கு முன், அதே சாலையில், அது நிற்காமலிருக்க மன்றாடியவனும் நான்தான்.

நின்றது. அன்று நின்ற இடத்துக்குச் சற்று அப்பால்.

"மாட்டிக்கிட்டான்!" என்றார் மெக்கானிக். ஸ்கேனரைச் செருகினார். இம்முறை திரை விடை சொன்னது: கேம்ஷாஃப்ட் சென்சார். பானெட்டைத் திறந்து அதைக் காட்டினார். கட்டைவிரல் அளவு கறுப்புப் பொருள். எந்த சிலிண்டரின் முறை இப்போது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அது. சூடேறினால் ஊமையாகிவிடுகிறது, அது சொல்லாவிட்டால் எங்கே, எப்போது பெட்ரோலைத் தெளிப்பது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆறியதும் மறுபடி பேசத் தொடங்கும். அன்று வண்டி கிளம்பாதது என் கை பதறியதால் அல்ல என்பது உறுதியாயிற்று. பல வாரங்களுக்குப் பிறகு மூச்சு முழுதாக உள்ளே போனது.

"ஆனா கண்ணால பாத்தாத்தான் எனக்குத் திருப்தி. தண்ணி இருக்கா சார்?"

கையிலிருந்த பாட்டிலை நீட்டினேன். பழந்துணி ஒன்றை நனைத்து சென்சாரின்மேல் சுற்றினார். உறைக்கும் வெயிலைப் பற்றி ஏதோ பேசினார். துணியை மறுபடி நனைத்தார். உள்ளே போய்ச் சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியது.

"பாத்தீங்களா? வேற ஒண்ணுமே வேண்டாம். ஒரு கை தண்ணி. இது மட்டும் தெரிஞ்சா ஒருத்தரும் வழியில நிக்க வேண்டாம்."

வாய்க்காலில் நீர் போய்க்கொண்டிருந்தது. அன்றும் போய்க்கொண்டிருந்தது. அன்று நான் திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பியபோது, கல்யாண வீட்டில் கொடுத்த தண்ணீர் பாட்டில் அவள் மடியில் இருந்தது. அவள் அதைத் திறந்து என்னிடம் நீட்டினாள். "பதறாதீங்க. வேர்த்து ஊத்துது பாருங்க. பையக் குடிங்க." நான் குடித்தேன்.

"என்ன சார், சந்தேகம் தீர்ந்துச்சுல்லா?"

"தீர்ந்தது," என்றேன்.

புதிய சென்சார் போட்டாயிற்று. வண்டி இப்போது எந்த வெயிலிலும் ஓடும். அதில் போவதற்குத்தான் எனக்கு ஓர் ஊரும் இல்லை. செய்தி கேட்டு மைத்துனன் வீட்டுக்கு வந்தான். நிலைக்கதவருகிலேயே நின்றான்.

"கோளாறுதானா அத்தான்? நான் அன்னைக்கு ஒங்களப் போய்..." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்: "மெக்கானிக்கே கூட வந்திருந்தாலும் அங்கன வச்சு ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுல்லா?"

அவளுடைய ஒரே தம்பி அவன். அவன் கண்களில் அவளுடைய சாயல் உண்டு.

"முடியாது," என்றேன். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.