மஹால் பார்க்கப் போன கதை

என் மனைவி நாவல் எழுதுகிறாள். எங்கள் மாவு மில்லில் உட்கார்ந்து, செல்போனில், ஒற்றைக் கட்டைவிரலால் எழுதுகிறாள்.

அவள் பிலிப்பைன்ஸ்காரி. துபாயில் ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் நான் விரிப்புகளுக்கு இஸ்திரி போட, அவற்றை மடித்துக்கொண்டிருந்தவள். ஆறு வருஷமாகச் சங்கரன்கோவிலில் மிளகாய்த் தூள் சலிக்கிறாள். துபாயில் இருந்தபோது எங்களுக்குள் அரைகுறை இந்திதான். தமிழை அவள் கற்றது மில்லுக்கு வருகிறவர்களிடம். அண்ணாச்சிமார் ஒருவரையொருவர் ‘வே’ போட்டுப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, புருஷனான என்னையும் அப்படியே கூப்பிடுகிறாள். நான் திருத்தவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நாவல், அவள் நாட்டை ஸ்பெயின்காரர்கள் ஆண்ட காலத்துக் கதை. கடற்கரை ஊர் ஒன்றில் அன்னாசி இலையிலிருந்து நார் உரித்துத் துணி நெய்கிற பெண். மெக்சிகோவுக்குப் போகும் பாய்மரக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட பையன். ஒவ்வொரு அத்தியாயமாக ஏதோ ஆப்பில் போடுவாள். போடுவதற்கு முன் ஒரு தடவை சத்தமாக வாசிப்பாள். நான் எட்டாவதோடு நின்றவன். அவள் பாஷையில் எனக்குத் தெரிந்த வார்த்தைகள் நாலைந்துதான், எல்லாம் சாப்பாட்டுச் சாமான்.

மூன்று வாரத்துக்கு முன் ஒருநாள் காலையில், “அடுத்த மாசம் ஊருக்குப் போணும் வே. ரெண்டு மாசம். அம்மாவப் பாக்கணும்,” என்றாள். சரி என்றேன். மில்லைப் பூட்டிவிட்டு மெயின் ஸ்விட்சை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான். அன்றிலிருந்து என் மனசில் ஓடியது ஒன்றே ஒன்று: போனவள் திரும்பி வராவிட்டால்?

அந்த நாட்களில்தான் அவள் வாசிப்பில் ஒரு வார்த்தை அடிக்கடி வந்தது. மஹால். மஹால் என்பாள், குரல் கம்மும், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மஹால் என்பாள்.

எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். எங்கள் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் இரண்டு கையெழுத்து. பிறகு வீட்டில் போதகர் ஜெபித்தார், பிரியாணி போட்டோம், முடிந்தது. அவள் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. அதற்குப் பிறகு இந்த ஊரில் எத்தனை கல்யாணத்துக்கு அவளைக் கூட்டிப்போயிருப்பேன். ஒவ்வொன்றும் மஹாலில். மேடை, லைட்டு, நாற்காலியில் ராணி மாதிரி பொண்ணு. தனக்கு அது வாய்க்கவில்லை என்று அழுகிறாள். அந்த ஏக்கத்தோடு ஊருக்குப் போனால் எப்படி வருவாள்?

போவதற்குள் ஒரு மஹாலில் வைத்து நாலு பேருக்குச் சாப்பாடு போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அவளிடம் சொல்லாமல் ராஜபாளையம் ரோட்டில் ஒரு மஹாலுக்குப் போனேன். மேனேஜர் மரியாதையாக நோட்டை விரித்தார்.

“மாப்பிள்ள யாரு அண்ணாச்சி?”

“நான்தான்.”

என் காதோர நரையைப் பார்த்தார். “ரெண்டாந்தாரமா?”

“மொதத் தாரந்தான்.”

“பொண்ணு எந்த ஊரு?”

“பொண்ணு வீட்லதான் இருக்கா.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. அதான் மெதுவாக் கேக்கேன்.”

அவர் நோட்டை மூடிவிட்டார். பின்னால் யாரோ செருமினார்கள். மகள் கல்யாணத்துக்குத் தேதி கேட்டு மேலநீலிதநல்லூர் அக்கா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எங்கள் மில்லில் மிளகாய் அரைக்கிறவள்.

நான் ஒரு டீ குடித்து மனசைத் தேற்றிக்கொண்டு மில்லுக்குப் போவதற்குள் அந்த அக்கா அங்கே வந்துவிட்டிருந்தாள். மிஷின் நின்றிருந்தது. என் மனைவி கையில் சல்லடையோடு ஸ்டூலில் இருந்தாள்.

“என்ன வே, நீரு கல்யாணம் பண்ணப் போறீராம்?”

“ஒன்னயத்தான் பண்ணப் போறேன்.”

“என்னயத்தான் பண்ணியாச்சே.”

“நல்லாக் கேளு ஏட்டி,” என்றாள் அக்கா. “நானா இருந்தா இந்நேரம் ஒலக்கயத் தேடியிருப்பேன்.”

நான் மனைவி பக்கம் திரும்பினேன். “நீதான மஹால் மஹால்னு அழுத?”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து, மிளகாய் நெடி ஏறித் தும்மி, மறுபடியும் சிரித்தாள். “மஹால்னா எங்க பாஷையில அன்பு வே. பிரியமானவங்கள அப்படித்தான் கூப்பிடுவாங்க. கப்பல் போவுது, கரையில நின்னு அவ அவனக் கூப்பிடுதா. அத வாசிச்சுத்தான் அழுதேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “வெல கூடுன சாமானுக்கும் அதே வார்த்ததான்,” என்றாள்.

“அது எங்க ஊரு மஹாலுக்கும் பொருந்தும்,” என்றாள் அக்கா. “கொஞ்சம் முன்னதான் அட்வான்ஸ் குடுத்துட்டு வாரேன்.” தன் தூளை வாங்கிக்கொண்டு போனாள். ஊருக்குள் அவள் அதை எப்படிச் சொல்லப்போகிறாள் என்று அப்போதே ஒரு கவலை பிடித்தது.

அக்கா போன பிறகு, மூன்று வாரமாக நெஞ்சுக்குள் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

“ஊருக்குப் போனா திரும்பி வருவியா?”

இப்போது அவள் சிரிக்கவில்லை. சல்லடையைக் கீழே வைத்தாள்.

“தனியாப் போனா அம்மா திரும்ப விடமாட்டா,” என்றாள். “அம்மாவுக்கு நீரு இன்னும் மருமகன் இல்ல. ‘அவன் வந்து என் வாசல்ல வெறகு பிளந்தானா, தண்ணி சொமந்தானா’ன்னு கேக்கா. எங்க ஊர்ல அந்தக் காலத்துல பொண்ணு வேணும்னா பையன் அவ வீட்டுல போய் மாசக்கணக்கா வேல செய்யணும். பெத்தவங்க பாத்து, சரின்னு சொன்னாத்தான் கல்யாணம். அம்மா பழைய ஆளு.”

“நீ ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீரு தூங்கமாட்டீரே.”

என் பயம் வெறும் பயம் இல்லை, அதில் பாதி நிஜம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவளும் அதை மூன்று வாரமாகச் சுமந்திருக்கிறாள். கப்பலும் கரையும் அவளுக்குக் கதை மட்டும் இல்லை.

“நான் வாரேன்,” என்றேன்.

“மில்லு?”

“பூட்டிட்டு வாரேன்.”

மில்லைப் பூட்டுவேன் என்று என் வாயிலிருந்து வந்ததை அவளால் நம்ப முடியவில்லை. எழுந்து வந்து என் சட்டையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டாள்.

“வெறகு பிளக்கத் தெரியுமா உமக்கு?”

“பழகிக்கிடுதேன். உங்க அம்மா வெறகடுப்பா வச்சிருக்கா?”

“காஸ் அடுப்பு.”

“அப்போ வெறகு எதுக்கு?”

“அடுப்புக்கு இல்ல வே. அம்மா பாக்கதுக்கு.”