எட்டு மோதல்கள்

கஞ்சிக்கோட்டில், பித்தளைக் குழாய்க் கைப்பிடிகளுக்குக் குரோமியம் பூசும் சிறிய தொழிற்சாலையில் அறுபத்தேழு வயதிலும் நான்தான் இயந்திரம் ஓட்டுகிறேன். என் ஊர் எலப்புள்ளியிலிருந்து பஸ்ஸில் பதினொரு நிறுத்தங்கள்.

போன மழைக்காலத்தில் பூச்சு உரியத் தொடங்கியது. செலோடேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுப்பதுதான் எங்கள் சோதனை. நாற்பது கைப்பிடிகளில் பதினேழு உரிந்துவிட்டன.

"கழுவறதுல எண்ணெய்ப் பிசுக்கு நிக்குது" என்ற மேற்பார்வையாளர், கழுவும் அம்மாளைத் திங்கட்கிழமை முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒன்பது வருடமாக அந்தக் கழுவும் தொட்டியருகே நிற்பவர்.

"மூணு தண்ணி அலசித்தானுங்க வெச்சேன். எல்லாத்தையும் எண்ணுவீங்களே, இதை எண்ணலீங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

எண்ணியிருந்தேன். மூன்றுதான். அப்படியானால் பிசகு என் இயந்திரத்தில்.

சாப்பாட்டைத் திறக்காமல் குறிப்பேட்டைப் புரட்டினேன். பூச்சு நடக்கும் வெற்றிடக் கலத்துக்குள் ஊதா ஒளி மினுங்குகிறதே, அணைந்துவிடுமோ என்று பயந்து, பன்னிரண்டு நாளாகத் தினமும் ஆர்கான் வாயுவின் வால்வைத் துளித் துளியாகத் திறந்திருக்கிறேன். அழுத்தம் இரு மடங்கு. எல்லாம் என் கையெழுத்து.

மின்னூட்டம் ஏறிய ஆர்கான் தாக்கி, குரோமியத் தகட்டிலிருந்து தெறிக்கும் குரோமிய அணுவுக்கு மின்னூட்டம் கிடையாது. வழியில் எந்த மின்சாரமும் அதைத் தள்ளிவிடாது. புறப்படும்போது இருந்த ஆற்றல்தான் அதன் கைமுதல். ஆர்கான் அணுவோடு மோதும் ஒவ்வொரு முறையும் அதில் ஏறக்குறைய பாதி போகும். கைப்பிடி இருப்பது பத்து சென்டிமீட்டர் தள்ளி. முன்பு அதற்குள் நாலு மோதல், இப்போது எட்டு. எட்டாவதற்குள் வாயுவின் சூடுதான் அணுவிடம் மிஞ்சும். அது பித்தளையில் இறுகப் பற்றாது, தூசிபோல் உட்காரும்.

இதை அம்மாளும் கேட்க மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "சாரே, கணக்கு காகிதத்துல நல்லாத்தான் இருக்கும்" என்றார் அவர்.

"அதே தொட்டி, அதே கை. வாயுவை மட்டும் குறைக்கிறேன், பாருங்க" என்றேன்.

மினுங்கலுக்குக் காரணம் தளர்ந்துபோன ஒரு கம்பி இணைப்பு. அதை இறுக்கிவிட்டு வாயுவைப் பாதியாக்கினேன். சாயங்காலம் டேப்பை இழுத்தது அந்த அம்மாளேதான். நாற்பதில் ஒன்றுகூட உரியவில்லை. தப்பு என்னுடையது என்று குறிப்பேட்டில் எழுதி, மேற்பார்வையாளரிடம் நீட்டினேன். படித்துவிட்டு அவர் அம்மாளைப் பார்த்தார்: "திங்கக்கிழமை வந்துருங்க."

"எட்டு இடிக்கே தெம்பு போயிருதுங்களா அதுக்கு? பாலக்காட்டு பஸ்ஸுல நான் தெனமும் அதுக்கு மேல வாங்கறனுங்க!" என்றார் அம்மாள்.

இப்போதெல்லாம் நான் வால்வுப் பக்கம் போனாலே தொட்டியருகிலிருந்து குரல் வருகிறது: "எத்தனைங்க?"

நாலு என்று சொன்ன பிறகுதான் கை வைக்கிறேன்.