நல்லமுத்து தோளுக்கு மூணு மாச ஓய்வு

புருசன் பேரைச் சொல்லக் கூடாதும்பாங்க. நான் சொல்றேன், நல்லமுத்து. அவரைச் சோம்பேறின்னவன் என் மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லட்டும்! மலாக்கா செலண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டங்கள்ல அவரு மாதிரி பாரம் தூக்கினவன் கிடையாது. லோரி அச்சுக்கம்பி, ரெண்டு முனையிலயும் சிமெண்டு ஊத்தின டின்னு, அதுதான் அவரோட பாரம். பால் மரம் வெட்டிட்டு வந்தா எங்க லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால அதோடதான் கிடப்பாரு. மலாக்கா டவுன் போட்டியில ஒரு தடவை தூக்கிடணும்னு மனுசனுக்கு அப்படி ஒரு ஆசை.

ஒரு வருசம் வலது தோள் பிசகிடுச்சு. "தூக்கத் தூக்கச் சரியாயிடும்"னு கூட்டாளிங்க சொன்னாங்கன்னு மறுநாளும் தூக்கினாரு. கை மேலேயே போகலை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கையைத் துணியில கட்டித் தொங்கவிட்டு, "மூணு மாசம் பாரம் தூக்காதே. மீறினா இந்தக் கை அவ்வளவுதான்"னுட்டாரு.

அப்பப் பார்த்து மாரியம்மன் திருவிழா. காட்டுல கம்யூனிஸ்டு பயம்னு வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம், லயத்தைச் சுத்தி முள்கம்பி வேலி, கேட்டுல துப்பாக்கியோட காவல். மாட்டுவண்டித் தேரு ரோட்டுக்குப் போகக் கூடாது, வேலிக்குள்ள வண்டி திரும்பாது. அதனால வேலி போட்டதுலேருந்து அம்மனைப் பல்லக்குல வச்சு நாலு பேரு தோள்ல தூக்குவாங்க. முன்கம்பு ஒண்ணு எங்க வீட்டுக்காரருக்கு.

திருவிழா அன்னைக்கு மூணு பேரு பல்லக்குக் கம்பைப் பிடிச்சு நின்னுட்டாங்க. அவரு கோயில் ஓரமா உக்காந்திருந்தாரு. எங்களை வேலை வாங்குற தண்டல் வடிவேலு அவர்கிட்ட வந்தாரு.

"சாமி குத்தமாயிடும் லா, நல்லமுத்து. எழுந்திரு."

"தூக்க மாட்டேன், தண்டலே."

"பொட்டச்சி மாதிரி உக்காந்திருக்கியே, வெக்கமா இல்லை?"

அவரு முகம் சுண்டிப்போச்சு. இடது கை கட்டு முடிச்சுக்குப் போச்சு. அவுத்தாருன்னா கையும் போச்சு, போட்டியும் போச்சு. வேற ஒருத்தனும் முன்னால வரலை, அவரு மசியட்டும்னு வேடிக்கை பார்த்தானுங்க.

நான் போயி முன்கம்புக்குத் தோளைக் கொடுத்தேன்.

"ஏய் முனியாயி! பொம்பளை தொடக் கூடாது, விடு!" தண்டல் பாஞ்சு வந்தாரு.

"தினமும் காண்டாக் கம்புல ரெண்டு வாளி ரப்பர் பாலைத் தொங்கவிட்டு இந்தத் தோள்லதானே ஸ்டோருக்குச் சுமக்கிறேன்? அப்பத் தெரியலையா நான் பொம்பளைன்னு? பொட்டச்சின்னீங்களே, இதோ நிக்கிறேன், பாருங்க!"

மேளம் நின்னுபோச்சு. கம்பு பிடிச்ச மூணு பேரும் முழிக்கிறாங்க. நான் கம்பை விடலை.

"மேளத்தை அடிங்கடா! அம்மன் கிளம்பணும்!"

கத்தினது எங்க வீட்டுக்காரர். கட்டை அவுக்கலை. கட்டின கையோட எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கிட்டு, பல்லக்கைச் சுமந்து வந்த எனக்கு முன்னால நடந்தாரு.