மடை தட்டிய வீடு

அந்த ஓக் மரத்தை வெட்டப் போனதால்தான் ஜெர்மேன் கப்பலேறாமல் தப்பித்தான். அதே மரத்தால்தான் மனைவி ஓசித்தைப் பறிகொடுத்தான். ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்லித்தான் நிறுத்துவான்.

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள எங்கள் மினாஸ் விரிகுடாவில் கடல் மாதாகோயில் மணிக்கூண்டு உயரத்துக்கு ஏறும், இறங்கும். அதைத் தடுத்துத்தான் மண்கரை போட்டு, உப்புச் சதுப்பைக் கோதுமை வயலாக்கி வைத்திருந்தோம். கரையின் வயிற்றுக்குள் குடைந்த மரம் ஒன்று படுத்திருக்கும். அதுதான் மடை. உள்ளே தொங்கும் பலகை வயல் தண்ணீரை வெளியே விடும். கடல் ஏறி வந்தால் தானாக அடைத்துக்கொள்ளும். அடைக்கும்போது டொக் டொக்கென்று இரண்டு தட்டு. ஒவ்வொரு வீட்டு மடைக்கும் ஒரு குரல் உண்டு. அது தட்டினால் சதுப்பில் இனி வேலையில்லை என்று அர்த்தம். ஓசித் வாசலுக்கு வந்து கத்துவாள்.

“மடை தட்டிடுச்சு! சூப்பு ஆறிப்போச்சுன்னா அப்புறம் என்னைக் கொறை சொல்லாதீங்க!”

ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தைந்தில் அந்த மடை மரம் உளுத்துவிட்டது. இலையுதிர் காலத்தில் ஜெர்மேனும் ஓசித்தின் தம்பி அமானும் மேட்டுக்காட்டுக்குப் போய், நல்ல ஓக் ஒன்றாகப் பார்த்துச் சாய்த்தார்கள். மண் பட்டு உளுத்துவிடக் கூடாதென்று கல்லடுக்கி அதன் மேல் ஏற்றி வைத்தார்கள். திரும்பும் வழியில் ஊர்ப் பக்கம் புகை தெரிந்தது.

நாங்கள் பிரெஞ்சுக்காரர்கள், ஊர் இருந்தது ஆங்கிலேயர் ஆட்சியில். இரண்டு ராஜாக்களுக்குள் சண்டை. பிரெஞ்சு ராஜாவுக்காகவும் சரி, ஆங்கில ராஜாவுக்காகவும் சரி, துப்பாக்கி தூக்க மாட்டோம் என்று நாங்கள் சொல்லியிருந்தோம். அவ்வளவுதான் நாங்கள் செய்த குற்றம். ஆங்கிலச் சிப்பாய்கள் ஆண்களைக் கோயிலுக்குக் கூப்பிட்டுப் பூட்டினார்கள். பிறகு எல்லோரையும் கப்பலில் அடைத்து, வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். ஜெர்மேன் கரைக்கு வந்து சேர்ந்தபோது பாய்மரங்கள் சின்னதாகிக்கொண்டிருந்தன. எந்தப் பாய்க்குக் கீழே ஓசித் இருந்தாளோ, யாருக்குத் தெரியும்? மடி கட்டிய மாடுகள் கறக்க ஆளில்லாமல் காட்டோரம் நாள்கணக்காகக் கதறின. தீயைக்கூட ஒருநாள் மறந்துவிடலாம், அந்தக் கதறல் காதை விட்டுப் போகாது என்பான்.

மச்சானும் மைத்துனனும் காட்டில் ஒளிந்து வேரும் முயலுமாகத் தின்று பார்த்தார்கள். கடைசியில் பசி பிடித்துக்கொண்டுபோய் ஆங்கிலக் கோட்டை வாசலில் நிறுத்தியது. கைதியானார்கள்.

அதற்குள் நாலைந்து வருஷம் ஓடியிருந்தது. ஒரு புயல் கரைகளை உடைத்து வயல்களைக் கடலுக்குக் கொடுத்திருந்தது. எங்கள் நிலத்துக்குத் தெற்கே கனெக்டிகட்டிலிருந்து ஆங்கிலக் குடியேற்றக்காரர்களைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். பாவம், அவர்களுக்குச் சதுப்பும் தெரியாது, மடையும் தெரியாது. ஆகவே கரையடைக்கக் கோட்டையிலிருந்து கைதிகளைக் கூலிக்கு விட்டார்கள்.

“நம்மள வெரட்டுன வயலுக்கு நம்மளையே கூலிக்குக் கூப்புடறானுங்க மச்சான்” என்றான் அமான். “இப்படி ஒரு கூத்த எங்கயாவது பாத்திருக்கியா?”

ஜெர்மேனுக்கு விழுந்தது அவனுடைய நிலமே. அங்கே இப்போது எஸ்ரா லூமிஸும் அவர் மனைவி ஹெப்சிபாவும் இருந்தார்கள். எரிந்த வீட்டின் அடித்தளத்தின் மேலேயே புது வீடு கட்டியிருந்தார்கள். வாசல் அதே பக்கம். அடுப்புக்கல்லும் அதேதான். ஓசித் இரும்புச் சட்டியைக் கைதவறிப் போட்டு உண்டாக்கிய விரிசல்கூட அப்படியே இருந்தது. ஜெர்மேனுக்கு மாட்டுக்கொட்டகையில் படுக்கை.

கரை வேலை தொடங்கியதும் அவன் எஸ்ராவின் எருதுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போனான். கல்லடுக்கின் மேல் அந்த ஓக் காத்துக்கொண்டிருந்தது. அதை இழுத்து வந்து குடையத் தொடங்கினான்.

“உனக்கென்ன கிறுக்கா? கையில கெடைக்கறத எதையாவது சொருகு. ரெண்டு வருஷத்துல புட்டுக்கட்டும். திரும்ப நம்மளத்தான் கூப்புடுவான்” என்றான் அமான்.

“இது அவனுக்கு இல்லடா.”

“பின்ன யாருக்காம்?”

“சண்டை முடியட்டும். நம்ம ராஜா ஊரத் திருப்பி வாங்குவாரு. உங்க அக்கா வந்து நிக்கறப்ப வயல்ல உப்பு இருக்கக் கூடாது.”

அமான் சிரித்தான். “நம்ம ராஜாவா? அவருக்கு நம்ம ஊரு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது மச்சான். அவரோட பெரிய கோட்டை கியூபெக்கே போயிடுச்சு!”

ஜெர்மேன் குடைந்துகொண்டே இருந்தான். அவனை மட்டும் குறை சொல்வானேன்? அந்த வருஷங்களில் எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் வேலை செய்தார்கள். கூலிக்கு வந்தோம் என்பதை மறந்து, புல்லோடு வெட்டிய மண்கட்டியைச் சொந்த வயலுக்கு வைப்பதுபோலப் பார்த்துப் பார்த்து அடுக்கினார்கள். நம்பிக்கை வந்துவிட்டால் புத்தி எங்கே நிற்கிறது?

கரை அடைபட்டது. அன்று மத்தியானம் கடல் ஏறியபோது மடை தட்டியது. டொக் டொக். ஜெர்மேன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தான். அதே குரல்.

மேலே வீட்டில் ஹெப்சிபா கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சாத்தினாள். மறுநாளும் திறந்தாள். சில வாரங்களில் அவள் முகம் வெளுத்துப்போனது.

“ஜெர்மேன், உண்மையச் சொல்லு. இந்த வீட்டுல யாராவது செத்தாங்களா?”

“ஏன் அம்மணி?”

“தெனமும் யாரோ தட்டறாங்க. திறந்தா ஆளில்ல. இவரு, காத்துங்கறாரு. காத்து ரெண்டே தட்டு தட்டுமா?”

ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் பயம் தீர்ந்துவிடும். அவன் சொல்லவில்லை. பயப்படட்டும் என்று உள்ளுக்குள் ஒரு கசப்பு.

“பயமா இருந்தா திறக்காதீங்க அம்மணி.”

“அதெப்படி? நெசமாவே ஒருத்தர் குளிர்ல நின்னுட்டிருந்தா?”

ராஜாக்கள் சமாதானமானார்கள். செய்தி கொண்டுவந்தவன் அமான்தான். “எல்லாத்தையும் குடுத்துட்டாரு மச்சான். ஆறு, காடு, கியூபெக்கு, எல்லாம். நமக்குன்னு மீன் காயப்போட ரெண்டு தீவு மிச்சம் வச்சிருக்காராம். நம்மளையும் வெளிய விட்டுட்டாங்க. நான் அங்க போறேன். வா, ரெண்டு பேரும் போயிடலாம்.”

ஜெர்மேன் கோடரியை எடுத்துக்கொண்டு சதுப்புக்கு இறங்கினான். கடல் வடிந்திருந்தது. மடையின் வாயில் முழங்கால் சேற்றில் நின்றான். பலகையைத் தாங்கும் முளையில் ஒரே வெட்டு. ராத்திரிக்குள் கடல் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். ஓசித்துக்கு இல்லாத கோதுமை ஒருத்தனுக்கும் வேண்டாம் என்று வயிறு எரிந்தது.

கோடரியை ஓங்கியபோது, குளிரில் ஒருத்தர் நின்றிருந்தால் என்று ஹெப்சிபா கேட்டது நினைவுக்கு வந்தது. ராஜாக்கள் என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டால் என்ன? ஓசித் நடந்தாவது வருவாள். வந்தால் வேறெங்கே போவாள்? இந்த வாசலில்தான் வந்து தட்டுவாள். பயந்து பயந்தும் திறக்கிற ஒருத்தி அங்கே இருக்கிறாள். உள்ளே இருக்கிறவர்களை விரட்டிவிட்டால் ஓசித்துக்கு யார் கதவு திறப்பார்கள்? அவன் கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினான். அமான் அக்கா பெயரைச் சொல்லி அழுதான், மச்சானைத் திட்டினான், பிறகு தனியாகத் தீவுக்குப் போனான்.

அதற்குப் பின், கப்பலில் கொண்டுபோகப்பட்டவர்கள் ஊர் பார்க்கத் தெற்கிலிருந்து ஒருவர் இருவராக நடந்தே வந்தார்கள். ஒரு கோடையில் சார்லோ என்ற கிழவர் வந்தார். ஓசித் ஏறிய அதே கப்பலில் போனவர். வேலியோரம் உட்காரவைத்து ஜெர்மேன் தண்ணீர் கொடுத்தான்.

“உனக்கு யாரும் சொல்லலியாப்பா?” என்றார் அவர். “பிலடெல்பியா ஆத்துலயே கப்பல நிறுத்தி வச்சிட்டாங்க. எறங்க விடல. உள்ள அம்மை போட்டுச்சு. அவ மண்ண மிதிக்கவே இல்ல. அந்த மொதக் குளிர்லயே போயிட்டா.”

அவன் மரத்தைக் கல்லின் மேல் காயவைத்த அதே குளிர்காலம். அதன்பின் குடைந்தது, அடைத்தது, ஓங்கிய கோடரியை இறக்கியது, எல்லாமே செத்துப்போனவளுக்காக. ஜெர்மேன் அழவில்லை. கிழவருக்கு ரொட்டி வாங்கிவர உள்ளே போனான்.

அன்று சாயங்காலம் அவனே ஹெப்சிபாவைக் கரைக்கு அழைத்துப்போனான். கடல் ஏறும்வரை காத்திருந்து, மடை தட்டுவதைக் காதால் கேட்க வைத்தான்.

அவள் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தாள். “இவ்ளோதானா! பாவி மனுசா, இத்தன வருஷமா ஏன் சொல்லல?”

“தப்புதான் அம்மணி.”

அதோடு அவளுக்குப் பயம் விட்டது. அந்தக் குளிர்காலத்திலிருந்து அவனையும் மேசைக்குக் கூப்பிட்டாள். அடுப்புக்கல் விரிசலுக்கு எதிரே அவனுக்கு இடம். சில நாள் மத்தியானச் சாப்பாட்டின்போது மடை தட்டும். எஸ்ரா தலை தூக்க மாட்டார். ஹெப்சிபா தன் பாட்டுக்குப் பரிமாறிக்கொண்டிருப்பாள். ஜெர்மேன் கரண்டியை வைத்துவிட்டு எழுந்துபோய்க் கதவைத் திறப்பான். கரைவரை தண்ணீர் நிற்கும், வேறு யாரும் இல்லை.

“மடைதானே ஜெர்மேன்?”

“மடைதான் அம்மணி.”

ஆனாலும் உடனே சாத்த மாட்டான். “குளிரடிக்குது” என்று எஸ்ரா சொன்ன பிறகுதான் வந்து உட்காருவான்.