எந்த காஜா?

மெர்டேக்கா, அதுதான் மலாயாவுக்குச் சுதந்திரம், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மலாக்காவில் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்குப் புதிதாக வேலை கிடைத்திருந்தது. வீடு அதே டவுனில், காஜா பேராங் தெருவில். சைக்கிளில்தான் போவேன், வருவேன். காதில் கருவியை மாட்டிக்கொண்டு பலகை முன்னால் உட்கார்ந்துவிட்டால், நாட்டையே நான்தான் பேச வைக்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

அந்தப் பலகையில் கீழ் வரிசை டவுனுக்குள் பேச. நடு வரிசை ஜாசின், அலோர் காஜா மாதிரி பக்கத்து ஊர்களுக்கு. மேல் வரிசை கோலாலம்பூர், சிங்கப்பூர். வேகத்துக்காக ஊர்ப் பெயர்களைச் சுருக்கி வைத்திருந்தோம். அலோர் காஜா எங்களுக்கு வெறும் 'காஜா'தான்.

ஒரு நாள் மதியம் ஜாசின் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து அங்குள்ள கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் கூப்பிட்டார்.

"காஜா மளிகைக்கடைக்குக் குடுங்கம்மா, அவசரம்!"

அவர் வாயை மூடுவதற்குள் நடு வரிசையில் கம்பியைச் சொருகி, அலோர் காஜாவில் எனக்குத் தெரிந்த மளிகைக்கடைக்கு இணைப்பைக் கொடுத்துவிட்டேன். அதில் பெருமை வேறு. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவசரக்காரிக்கும் அதேதான்.

கொஞ்ச நேரத்தில் அதே விளக்கு மறுபடியும் எரிந்தது. அந்த டிரஸ்ஸர்தான்.

"அப்படி ஒரு குடும்பமே இங்க இல்லங்கிறாங்கம்மா! காலையில எஸ்டேட்டுக்கு விருந்தாளியா வந்தவங்க பிள்ளைக்கு இருமல் மருந்துன்னு நான் மாத்திக் குடுத்தது உடம்புல பூசுற தைலம். பிள்ளைக்கு ஊத்திட்டா உயிருக்கே ஆபத்து. பேராங்ல கடைக்குப் பின்னாலதான் வீடுன்னாங்களே!"

பேராங்! அவர் கேட்டது என் சொந்த இடத்தை. தினமும் சைக்கிளில் அந்தக் கடையைத் தாண்டித்தான் வேலைக்கு வருகிறேன்.

கீழ் வரிசையில் அந்தக் கடைக்குக் கம்பியைச் சொருகினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சாப்பாட்டு நேரம். சரி, காஜா பேராங்கில் டெலிபோன் இருக்கும் ஒவ்வொரு இடத்தையும் கூப்பிடுவது என்று முடிவு செய்தேன். மரக்கடையில் ஆள் இல்லை. கரிக்கடையில் நான் சொல்வதை விளையாட்டு என்று நினைத்து வைத்துவிட்டார்கள். வாடிக்கையாளரோடு நாங்கள் பேசவே கூடாது என்பது சட்டம். மேற்பார்வை அம்மா பின்னால் வந்து நின்றார். வேலை போனால் போகட்டும், பதில் கிடைக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டு, அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் பலகையில் எரிந்த மற்ற விளக்குகளையெல்லாம் தானே கவனிக்க ஆரம்பித்தார்.

அடுத்தது ஒரு சீனர் காப்பிக்கடை. கடை முதலாளி தவுக்கேயே எடுத்தார். எனக்குத் தெரிந்த மலாயில் கத்தினேன். "மளிகைக்கடைக்குப் பின் வீடு! பிள்ளைக்கு மருந்து! ஜாங்கான் மினும், குடிக்கக் கூடாது!"

அவர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. டெலிபோனை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். காப்பிக் கிளாஸ்கள் மோதும் சத்தமும் யாரோ சிரிப்பதும் என் காதில் விழுந்துகொண்டிருந்தன. அந்தச் சிரிப்பின்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

கடைசியில் மூச்சிரைக்க ஒரு குரல்.

"பெலும்! பெலும் மினும்!"

இன்னும் குடிக்கவில்லை. பிள்ளை கஞ்சி குடித்து முடிக்கட்டும் என்று தாய் காத்திருந்தாளாம். பாட்டில் தன் கையில் இருக்கிறது என்றார் தவுக்கே. நான் பலகைமேல் தலையைச் சாய்த்து அழுதுவிட்டேன். பிறகு நிமிர்ந்து, அந்தச் சேதியை டிரஸ்ஸருக்கு நானே சொன்னேன்.

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை, எவ்வளவு அவசரம் என்று யார் திட்டினாலும், "எந்த காஜா?" என்று கேட்காமல் நான் கம்பியைத் தொட்டதில்லை. சிங்கப்பூர்வரை எட்டிய என் காதுக்கு, என் தெருவின் பெயர் அன்று ஒரு நாள் கேட்காமல் போனதை நான் இன்றும் மறக்கவில்லை.